விளையாட்டுக் காரும் வீதிக் காரும்

வீடியோ விளையாட்டில் கார் ஓட்டுவது நல்லதா, கெட்டதா? நம் ஊரில் யாரைக் கேட்டாலும் இரண்டு விடைகளுள் ஒன்றுதான் கிடைக்கும். பெரியவர்களைக் கேட்டால், "கண்ணும் கெடும், படிப்பும் கெடும். இதில் பறந்து பழகியவன் நாளை ரோட்டிலும் பறப்பான்" என்பார்கள். நம் அண்ணன் தம்பிமாரைக் கேட்டால், "நாங்கள் இதிலேயே ஓட்டிப் பழகிவிட்டோம். சாவியைக் கொடுத்தால் போதும்" என்பார்கள். ஒரு சாரார் அஞ்சுகிறார்கள்; மறு சாரார் பெருமைப்படுகிறார்கள். ஆனாலும் ஒரு விஷயத்தில் இரு சாராரும் ஒன்றுபட்டிருக்கிறார்கள். திரையில் ஓடுவது ஒரு கார் என்று இருவருமே நம்புகிறார்கள்.

அது கார் அன்று என்பதே என் கருத்து. கார் ஓட்டுவதில் உள்ள இன்பத்தை மட்டும் பிழிந்தெடுத்து, பாரத்தையும் பயத்தையும் எதிரே வரும் மனிதர்களையும் சக்கையாக ஒதுக்கிவிட்ட சாறு அது. கரும்புச்சாறு இனிக்கிறது என்பதற்காக அதைக் குற்றம் சொல்லக் கூடாது. அதே சமயம், சாற்றைக் குடித்தவன் கரும்பு பயிரிடக் கற்றுக்கொண்டான் என்று எண்ணுவதும் அறிவீனமாகும்.

அன்புத் தோழியரே, நான் இங்கே எடுத்துக்கொண்டிருப்பவை 'ஆர்கேடு' வகைப் பந்தய விளையாட்டுகள். காசு போட்டு விளையாடும் கூடங்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயர் அது. அங்கே பிறந்த விளையாட்டுகள் இன்று நம் வீட்டுக் கைப்பேசிக்குள் வந்து அமர்ந்துவிட்டன. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் 'கிரான் ட்ராக் 10' என்ற இயந்திரத்தை வெளியிட்டது. அதில் ஸ்டியரிங் இருந்தது, கியர் இருந்தது, மிதிகளும் இருந்தன. ஆனால் பந்தயப் பாதையை மேலேயிருந்து காக்கை பார்ப்பதுபோலத்தான் பார்க்க முடியும். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1976இல், அதே நிறுவனம் 'நைட் டிரைவர்' என்ற விளையாட்டைக் கொண்டுவந்தது. என்னை வியக்க வைத்தது இதுதான். திரை முழுவதும் கறுப்பு. சாலையின் இரு ஓரமும் நட்ட கற்களைப் போன்ற வெள்ளைக் கட்டங்கள் மட்டும் நம்மை நோக்கிப் பெரிதாகிக்கொண்டே வரும். அவ்வளவுதான்! கார்கூடத் திரைக்குள் இல்லை. அது திரையின் மேல் வைத்த ஒரு படம். இருந்தும் அதன் முன் அமர்ந்தவர்கள் இருட்டில் கார் ஓட்டுவதாகவே உணர்ந்தார்கள்.

இது எப்படி? இரவு நேரத்தில் திண்டுக்கல்லிலிருந்து பழனி வரும் பஸ்ஸில் முன் இருக்கையில் அமர்ந்து வந்தவர்களுக்கு விடை தெரியும். ஓரத்துக் கற்கள் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தோன்றிப் பின்னால் ஓடும்போதுதான் நாம் வேகமாகப் போகிறோம் என்று தெரிகிறது. பகலில் தூரத்து மலையைப் பார்த்தால் பஸ் நின்றுகொண்டிருப்பது போலிருக்கும். அருகிலுள்ள மைல்கல்லைப் பார்த்தால் பறப்பது போலிருக்கும். நம் கண்ணைப் பொறுத்தவரை வேகம் என்பது என்ஜினில் இல்லை, ஓரத்து மரங்களில் இருக்கிறது. விளையாட்டைச் செய்வோர் இந்த இரகசியத்தை நன்கு அறிந்தவர்கள். ஆகவேதான் மரங்களையும் கம்பங்களையும் பாதையை ஒட்டி நெருக்கமாக நட்டு வைக்கிறார்கள். பார்வையைத் தரைக்கு அருகில் தாழ்த்தி வைக்கிறார்கள். 'நைட்ரோ' பொத்தானை அழுத்தியதும் காட்சியை விரித்து, என்ஜின் ஓசையை உச்சத்திற்கு ஏற்றுகிறார்கள். மரமில்லாத வெட்டவெளியில் அதே காரை ஓட்டினால் கட்டை வண்டி ஊர்வது போலத்தான் இருக்கும்.

இனி, வளைவைப் பார்ப்போம். பழனியிலிருந்து கொடைக்கானலுக்குப் பஸ்ஸில் ஏறியவர்களுக்குக் கொண்டை ஊசி வளைவை நான் விளக்க வேண்டியதில்லை. ஓட்டுநர் வளைவு வருமுன்பே வேகத்தைக் குறைக்கிறார், கியரை மாற்றுகிறார், ஹாரன் அடிக்கிறார். பஸ் திரும்பும்போது நாம் அனைவரும் வெளிப்பக்கம் சாய்கிறோம். மடியில் இருக்கும் பை நழுவுகிறது. பக்கத்து இருக்கைப் பாட்டி எலுமிச்சம்பழத்தை முகர்கிறார். ஒரு வளைவு என்றால் இத்தனையும் உண்டு.

விளையாட்டுக் காருக்கு இவை எதுவும் கிடையாது. வளைவை நெருங்கியதும் பிரேக்கில் ஒரு தட்டு, ஸ்டியரிங்கில் ஒரு திருப்பு. உடனே காரின் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது, டயர் கிறீச்சிடுகிறது, முன்பக்கம் வளைவுக்குள் பார்த்திருக்க, கார் பக்கவாட்டில் மிதந்து செல்கிறது. இதற்கு 'டிரிஃப்ட்' என்று பெயர். 1993இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட 'ரிட்ஜ் ரேசர்' இதனைப் புகழ்பெறச் செய்தது. உண்மைச் சாலையில் டயர் வழுக்கினால் பிடிப்புப் போகும், வேகம் தேயும், கார் எங்கே நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. விளையாட்டிலோ வழுக்குவதே வழி! கார் எந்தச் சாய்வில் நிற்க வேண்டும் என்பதைக் கணிப்பொறி பார்த்துக்கொள்கிறது. வழுக்கி முடித்ததற்குப் பரிசாகச் சில விளையாட்டுகளில் கூடுதல் வேகமும் தருகிறார்கள்.

சென்ற கோடை விடுமுறையில் கோவையில் ஒரு வணிக வளாகத்தில், இருக்கையும் ஸ்டியரிங்கும் பொருத்திய இயந்திரம் ஒன்றில் அமர்ந்து ஓட்டினேன். முதல் இரண்டு வளைவுகளில் சுவரோடு உரசினேன். மூன்றாவது வளைவில் கார் பட்டுப்போல வழுக்கித் திரும்பியது. அப்போது என்னையறியாமல் நானும் வளைவின் பக்கமாகச் சாய்ந்தேன். எதுவும் என்னைத் தள்ளவில்லை, நானாகவே சாய்ந்தேன். மலைப் பாதையில் பஸ் நம்மை வெளியே தள்ளுகிறது; விளையாட்டில் நாமே விரும்பி உள்ளே சாய்கிறோம். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டில் முழு உண்மையும் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். கண் 'ஓடுகிறாய்' என்கிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போ 'உட்கார்ந்திருக்கிறாய்' என்கிறது. இந்தச் சண்டையில் சிலருக்குத் தலை சுற்றுவதும் உண்டு. எனக்குச் சுற்றவில்லை. மறுபடி ஓட்ட வேண்டும் என்றுதான் தோன்றியது. அந்த மகிழ்ச்சியை நான் மறைக்க விரும்பவில்லை.

எங்கள் மாமா இருபத்தைந்து ஆண்டுகளாகச் சரக்கு வேன் ஓட்டி வருபவர். ஆயக்குடிக் கொய்யாவை ஏற்றிக்கொண்டு எத்தனையோ ஊர்களுக்குப் போய் வந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் என் சித்தி மகனோடு அவர் கைப்பேசிப் பந்தயம் ஆடினார். எட்டு வயதுச் சிறுவன் முதலாவதாக வந்தான். மாமா கடைசியாக வந்தார். காரணத்தை நான் அருகிலிருந்து பார்த்தேன். அவர் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்தார். இடப்பக்கத்தை விட்டு நகரவே இல்லை. பின்னால் வந்த கார்களுக்கு வழி விட்டார். நல்ல ஓட்டுநருக்குரிய பழக்கங்கள் எல்லாமே அவரைத் தோற்கடித்தன! ஆட்டம் முடிந்ததும், "என்னம்மா இது, வண்டியில லோடே இல்லையே!" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் அன்று இரவு புத்தகத்தைத் திறந்தபோது, மாமா சொன்னது வேடிக்கைப் பேச்சு அல்ல என்று விளங்கிற்று.

பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் முதல் பாடம் இயக்க விதிகள். நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் உந்தம் என்று அங்கே படிக்கிறோம். மாமா 'லோடு' என்றது இந்த நிறையைத்தான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். ஓட்டுபவர் 'ஐயோ' என்று சொல்லி முடிக்குமுன் நம் வகுப்பறையின் நீளத்தைத் தாண்டியிருக்கும். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்த பின் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம் இரு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. ஏற்றிய பாரத்தின் உந்தத்தையும் வளைவில் அது வெளியே தள்ளும் தள்ளலையும் ஓட்டுநர் தம் காலாலும் கையாலும் உணர்ந்துகொண்டே இருக்கிறார். விளையாட்டில் மணிக்கு 300 கிலோமீட்டர் என்று எண் காட்டுகிறது. ஆனால் தட்டியதும் திரும்பிவிடும் காருக்கு அந்த எண் நெற்றிச்சுட்டி போல ஓர் அலங்காரமே.

பாரம் இல்லாதது மட்டுமன்று, தண்டனையும் இல்லை. 1986இல் செகா நிறுவனத்துக்காக யு சுசுகி என்பவர் உருவாக்கிய 'அவுட் ரன்' விளையாட்டில் ஒரு சிவப்புக் கார் கடற்கரையிலும் மலர்ப் பாதையிலும் ஓடுகிறது. பாட்டை நாமே தேர்ந்தெடுக்கலாம். கிளைச் சாலையில் எந்தப் பக்கம் போவது என்றும் தேர்ந்தெடுக்கலாம். கார் மோதினால் உருண்டு புரள்கிறது. அதில் இருந்த இருவரும் வெளியே வீசப்படுகிறார்கள். அடுத்த கணமே இருவரும் காரில் அமர்ந்து புறப்பட்டுவிடுகிறார்கள். இழப்பு, சில வினாடிகள் மட்டுமே. 1992இல் நின்டெண்டோ வெளியிட்ட 'சூப்பர் மரியோ கார்ட்' பின்தங்கியவர்களுக்குத்தான் வலிமையான உதவிப் பொருள்களைத் தருகிறது. 2018இல் வந்த 'அஸ்ஃபால்ட் 9' விளையாட்டில் ஒரு வசதி உண்டு: ஸ்டியரிங்கைக்கூட நாம் தொட வேண்டாம், கார் தானே திரும்பிக்கொள்ளும். அப்படியும் நாம் ஓட்டுவதாகவே தோன்றுகிறது!

இதை மோசடி என்று சிலர் கூறலாம். நான் அதை விருந்தோம்பல் என்பேன். காசு போட்டு மூன்று நிமிடம் அமரும் சிறுமிக்கு, ஆண்டுக்கணக்கில் பழகியவர் பெறும் இன்பத்தை உடனே கொடுத்து அனுப்ப வேண்டும் என்று எண்ணியவர்கள் செய்த வேலை அது. ஆடுபுலி ஆட்டம் ஆடியவரைப் புலி வளர்க்கத் தெரிந்தவர் என்று நாம் சொல்வதில்லை. பல்லாங்குழியில் காசுகளை அள்ளிய பாட்டியிடம் வங்கிக் கணக்கை ஒப்படைப்பதும் இல்லை. விளையாட்டை விளையாட்டாக ஏற்கும் இந்த அறிவு, கார் விளையாட்டு என்று வந்தவுடன் மட்டும் நம்மைவிட்டு ஏன் ஓடிவிடுகிறது?

"விளையாடியே உண்மைப் பந்தய வீரர் ஆனவர்கள் உண்டே!" என்று நம் அண்ணன்மார் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1997இல் ஜப்பானில் வெளிவந்த 'கிரான் டூரிஸ்மோ' ஆர்கேடு வகையைச் சேர்ந்ததன்று; டயரின் பிடிப்பையும் காரின் எடையையும் கணக்கிட்டு உண்மையை ஒட்டிச் செய்யப்பட்டது. 2008 முதல் நிசான் நிறுவனமும் பிளேஸ்டேஷன் நிறுவனமும் சேர்ந்து அதில் வல்லவர்களைத் தேர்ந்தெடுத்துப் பந்தய வீரர்களாக்கின. ஸ்பெயின் நாட்டு லூகாஸ் ஓர்டோனஸ், பிரிட்டனின் ஜான் மார்டன்பரோ ஆகியோர் அப்படி வந்தவர்களே. ஆனால் வென்ற அன்றே அவர்களைப் பந்தயத்திற்கு அனுப்பிவிடவில்லை. உண்மைக் காரில் அமர்த்திப் பயிற்சி அளித்து, உரிமம் பெற்ற பின்னரே இறக்கினார்கள். 2015இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையில் மார்டன்பரோ ஓட்டிய கார் காற்றில் எழும்பித் தடுப்புக்கு அப்பால் விழுந்தது. பார்வையாளர் ஒருவர் உயிரிழந்தார். தேர்ந்தெடுத்த வீரர், முறையான பயிற்சி, பாதுகாப்புத் தடுப்பு இத்தனையும் இருந்தும் ஓர் உயிர் திரும்பி வரவில்லை. 'மீண்டும் ஆடு' என்ற பொத்தான் அங்கே இல்லை.

வேகத்தை நேசிப்பது பாவமன்று. அதற்கென்று நம் மாநிலத்திலேயே இடங்கள் உண்டு. முன்பு சென்னைக்கு அருகே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்தன. 1990இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் பந்தயப் பாதை திறக்கப்பட்டது. கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கார் ஓட்டிய முதல் இந்தியரானார். 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயமே நடந்தது. ஆனால் கவனியுங்கள்: தலைக்கவசம், தீப்பிடிக்காத உடை, கொடி காட்டும் அலுவலர்கள், மருத்துவர், ஆம்புலன்ஸ் எல்லாம் தயாரான பிறகே கார் கிளம்புகிறது. தெருவில் பந்தயம் என்றாலும் முதலில் தெருவை அடைத்து, மனிதர்களை அகற்றுகிறார்கள். விளையாட்டைச் செய்தவரும் சரி, பந்தயத்தை நடத்துபவரும் சரி, முதலில் செய்கிற வேலை ஒன்றே: பாதையிலிருந்து மனிதரை நீக்குவது.

நம் ஆயக்குடிச் சாலையிலிருந்து மனிதரை நீக்க முடியுமா? கோவையையும் திண்டுக்கல்லையும் இணைக்கும் நெடுஞ்சாலை அது. விடியற்காலையில் கொய்யாக் கூடைகளோடு விவசாயிகள் வருகிறார்கள். தைப்பூசத்திற்கும் பங்குனி உத்திரத்திற்கும் ஆயிரமாயிரம் பேர் இரவு பகலாக ஓரத்தில் நடந்து பழனிக்குப் போகிறார்கள். வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களும் உண்டு. பள்ளி விடும் நேரத்தில் நாமே அந்த ஓரத்தில்தான் நடக்கிறோம். திரையில் ஓரத்து மரங்கள் வேகத்தைக் காட்டுவதற்காக நடப்பட்டவை. இங்கே ஓரத்தில் இருப்பது நம் தாய், நம் தாத்தா, நம் தோழி.

இனி, பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பையன் வண்டியை வேகமாக ஓட்டினால், "எல்லாம் அந்தக் கேம் செய்த வேலை" என்கிறீர்கள். என் சிறு அறிவுக்கு எட்டிய ஒன்றைச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். அதே வீட்டில், அதே கைப்பேசியில், அதே விளையாட்டை மகளும் ஆடுகிறாள். அவள் ரோட்டில் பறப்பாள் என்று யாரும் அஞ்சவில்லை. ஏன்? அவள் கையில் யாரும் சாவியைக் கொடுக்கவில்லை! ஆக, வேறுபாடு விளையாட்டில் இல்லை, சாவியில் இருக்கிறது. பதினைந்து வயது மகன் பால் வாங்கவும் டியூஷன் போகவும் மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது, "என் பிள்ளை கெட்டிக்காரன்" என்று பூரிக்கிறோம். அசம்பாவிதம் நேர்ந்தால் கைப்பேசியைத் திட்டுகிறோம். 50 சிசிக்கு உட்பட்ட கியரில்லாத வண்டிக்குப் பதினாறு வயது, மற்ற மோட்டார் வண்டிகளுக்குப் பதினெட்டு வயது என்று சட்டம் வரையறுத்திருக்கிறது. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். சட்டம் விளையாட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. சாவி கொடுத்தவரை ஏற்றியிருக்கிறது. அது நியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சாவியைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வயது வந்த பின் முறையாகக் கற்று ஓட்டுவது ஆண்களுக்கு மட்டும் உரியதன்று. கன்னியாகுமரி மாவட்டத்தின் வசந்தகுமாரி 1993இல் அரசுப் பேருந்து ஓட்டுநராகப் பணியில் சேர்ந்தார். பயணிகள் நிறைந்த பேருந்து! அதைவிடப் பாரமான 'லோடு' எது? திரையில் ஸ்டியரிங் யார் கை என்று கேட்பதில்லை. பதினெட்டு வயதில் நம் வீடும் அப்படியே, மகனா மகளா என்று கேளாமல் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பட்டும்.

முடிவாக, தோழியரே! தேர்வு முடிந்த விடுமுறையில் கார் விளையாட்டை ஆடுங்கள். நேரத்தை அளந்து ஆடுங்கள். வளைவில் வழுக்கும்போது மகிழ்ந்து சாயுங்கள். ஆடும்போதே, இந்தக் காரிலிருந்து எதையெல்லாம் எடுத்துவிட்டார்கள் என்று எண்ணிப் பாருங்கள்: பாரம், உராய்வு, வலி, எதிரே வருபவர். இப்படி எண்ணினால் இயக்க விதிகள் பாடம் ஒருபோதும் மறக்காது. நம் அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரி அனுமதித்தால் அதை ஒரு செய்முறை வகுப்பாகவே நடத்தலாம்! பெற்றோரே, விளையாட்டைப் பிடுங்குவதைவிடச் சாவியை மாட்டும் ஆணியைச் சற்று உயரத்தில் அடியுங்கள். திரைக்குள் இருக்கும் கார் எத்தனை முறை மோதினாலும் மன்னிக்கும். வீதியில் ஓடும் காருக்கு மன்னிக்கத் தெரியாது. ஆகவே அதை ஓட்டுபவருக்குப் பொறுமை தெரிந்திருக்க வேண்டும்.

— பத்தாம் வகுப்பு மாணவி, ஆயக்குடி